மோஷன் மேரியும் நான் அழித்த பலகையும்

மோஷன் மேரியைப் போல் இன்னொரு பிறவியை ஆண்டவன் படைக்கவில்லை. படைத்திருந்தால் பெங்களூரில் பாதிப் பேர் வெட்கத்திலேயே செத்துப்போயிருப்பார்கள். காலையில் எதிரே யார் வந்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான்: "மோஷன் போச்சா?" குதிரையிடமும் அதையே கேட்பார், குதிரைக்காரனிடமும் அதையே கேட்பார், பெரிய காரில் வந்து இறங்கும் கம்பெனி அதிகாரியிடமும் அதையே கேட்பார். அதிகாரி "யெஸ், யெஸ்" என்று முகம் சிவந்து நகர்ந்துவிடுவார். அந்த "யெஸ்"ஸை மேரி நம்ப மாட்டார். "மூஞ்சியே சொல்லுது, ரெண்டு நாளா போகல" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் துடைப்பத்தை எடுப்பார்.

ஒசூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் நான் மேனேஜர். பதினோரு குதிரைகள். பாதிக்கு மேல் பந்தயத்தில் ஓடி ஓய்ந்தவை. மேனேஜர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோரிடம் பல்லைக் காட்ட வேண்டும், முதலாளியிடம் தலையாட்ட வேண்டும், மற்றவர்கள் மேல் எரிந்து விழ வேண்டும். மூன்றாவது எனக்குப் பிறவியிலேயே வரும்.

லாயம் கூட்ட ஆள் தேடியபோது மேரி வந்தார். அறுபதை நெருங்கும் வயது. கோலார் தங்கவயல்காரர். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர். அது மூடிய பிறகு மகளோடு பொம்மனஹள்ளிக்கு வந்துவிட்டார்.

"குதிரைங்ககிட்ட வேலை பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"ஜெனரல் வார்டுல பாத்துருக்கேன். இருபத்திரெண்டு பெட்டு."

"இது குதிரைம்மா."

"பெட்பேன் வைக்கணுமா?"

"வேண்டாம்."

"அப்ப இன்னா, ஈசிதான். நாளைக்கே வர்றேன்."

வந்த ஒரு வாரத்தில் எங்கள் லாயம் ஆஸ்பத்திரி ஆகிவிட்டது. குதிரைகளுக்கு நாங்கள் வைத்த அழகான பெயர்களை அவர் மதிக்கவே இல்லை. எல்லாம் பெட்டு நம்பர்தான். "ஆறாம் பெட்டுக்கு இருமல், புல்லுல தூசி. நனைச்சுப் போடு." "ரெண்டாம் பெட்டு பின்னங்கால நொண்டுது, இன்னிக்கு டிஸ்சார்ஜ் கெடயாது." அன்று சவாரிக்குக் குதிரை கிடையாது என்று அர்த்தம். பணம் கட்டிய பெற்றோர் என்னை முறைப்பார்கள். நான் மேரியை முறைப்பேன். மேரி குதிரையின் வாலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பெயர் சொல்லி அவர் கூப்பிட்டது ஒரே குதிரையைத்தான். பாதாம். பாதாம் நிறத்தில் பளபளவென்று இருப்பான். சாது. முதல் நாள் வரும் குழந்தைகளை அவன் மேல்தான் ஏற்றுவோம். "இது பேஷண்ட் இல்லடா, கம்பவுண்டர்" என்பார் மேரி.

எங்கிருந்தோ ஒரு பழைய கரும்பலகையைக் கொண்டுவந்து லாயத்து வாசலில் மாட்டினார். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு வரி. லத்தி போட்டால் சாக்பீஸால் ஒரு கோடு. எப்படிப் போட்டது என்று பக்கத்தில் தமிழில் குறிப்பு: "நல்லா", "தண்ணி", "கட்டி", "நாத்தம் ஜாஸ்தி". பிள்ளையை அழைத்துக்கொண்டு வரும் பெற்றோர் கண்ணில் முதலில் படுவது அதுதான். ஓர் அம்மாள் அதை ஏதோ பாட்டு ஸ்வரம் என்று நினைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். தமிழ் தெரியாததால் பிழைத்தார்.

எங்கள் குதிரை டாக்டர் மட்டும் அந்தப் பலகைக்குக் கும்பிடு போடாத குறையாகப் பேசுவார். "குதிரையால வாந்தி எடுக்க முடியாதுங்க. உள்ள போனது பின்னாலதான் வந்தாகணும். நல்ல குதிரை நாளைக்கு எட்டுப் பத்துத் தடவ போடும். அது நின்னுச்சுன்னா வயித்துவலி. மனுஷனுக்கு வயித்துவலின்னா மாத்திரை. குதிரைக்கு வயித்துவலின்னா உயிர் போற சமாச்சாரம். அந்தம்மாவ விட்டுடாதீங்க."

நான் கேட்டுக்கொண்டேன். ஒரு காதால்.

மழைக்காலத்தில் ஈரத்தில் நின்று நின்று குதிரைகளின் குளம்பு அடியில் அழுகும். கறுப்பாகக் கசியும். மேரி தினமும் நாற்பத்துநான்கு குளம்பையும் தூக்கி மோந்து பார்ப்பார். ஒருநாள் குனிந்து மோந்துகொண்டே வந்தவர் என் காலருகில் நின்றுவிட்டார்.

"டேய், உனக்கும் இருக்குடா."

"என்னது?"

"குளம்பு அழுகல். சாக்ஸைத் தொவைச்சு எத்தினி நாளாச்சு? காய வை. பொட்டாசியம் தண்ணில கால வை."

அப்போது என் எதிரில் இரண்டு பெற்றோர் நின்றிருந்தார்கள். இரண்டு பேரும் ஓரடி பின்னால் போனார்கள்.

இன்னொரு சமயம் புதிதாக வந்த குதிரைக்குத் தாடைக்குக் கீழே வீங்கி, மூக்கில் சீழ் வந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டிக்கொள்ளும் நோய். மேரி அதைத் தனியாகக் கடைசி அறையில் கட்டி, வாளி, பிரஷ், சேணம் எல்லாவற்றையும் பிரித்து, குறுக்கே ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். குதிரைக்காரன் பாஷாவையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டார்.

"அரே மேரி ஆன்ட்டி! நான் என்னா பண்ணேன்? எனக்கு ஜுரம்கூட இல்லியே!" என்று பாஷா உள்ளேயிருந்து கத்தினான்.

"நீ அத்தத் தொட்ட. இனிமே அதுக்கு நீதான் ஸ்டாஃப் நர்சு. மத்ததுங்க கிட்ட வந்த, துடைப்பக்கட்டையால அடிப்பேன்."

அன்று சாயங்காலம் ஒரு பணக்காரத் தகப்பன் சிவப்புத் துணியைத் தாண்டி அந்தக் குதிரையைத் தடவிக் கொடுத்துவிட்டு, நேராகப் பாதாமை நோக்கி நடந்தார். மேரி அரை வாளி பினாயில் தண்ணீரை அந்த ஆளின் ஷூவில் ஊற்றினார். முழங்கால் வரை நனைந்தது. "கையையும் நீட்டு சார்" என்றார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கன்னடத்தில் கத்தினார். நான் மேரியைக் கூப்பிட்டுத் தமிழில் கத்தினேன். மற்ற பத்துக் குதிரைகளில் ஒன்றுக்குக்கூட அந்த நோய் வரவில்லை. அதை யாரும் யாரிடமும் சொல்லவில்லை. வராத நோய்க்கு யார் நன்றி சொல்கிறார்கள்?

இப்படியே என் மனதில் ஓர் எரிச்சல் சேர்ந்துகொண்டே வந்தது. அந்த அம்மா பேசுவது எல்லாம் உண்மை என்பது எனக்குத் தெரியும். எல்லோர் எதிரிலும் பேசுகிறாரே என்பதுதான் எரிச்சல். எனக்குப் பள்ளியின் மானம் பெரிதாக இருந்தது. பள்ளியின் மானம் என்று நான் சொன்னது என் மானத்தை.

ஆயுதபூஜை வந்தது. பெங்களூரில் ஆயுதபூஜை என்றால் ஆட்டோவிலிருந்து அடுக்குமாடி லிஃப்ட் வரைக்கும் மாலை விழும். எங்களுக்கு ஆயுதம் குதிரைதான். குளிப்பாட்டி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, பூசணிக்காய் உடைப்போம். அந்த வருஷம் பெற்றோர்களையும் கூப்பிடலாம், போட்டோ எடுத்துப் போட்டால் இன்னும் பத்துப் பிள்ளைகள் சேரும் என்று யோசனை சொன்னவன் நான். "உங்கள் கையால் குதிரைக்குப் பிரசாதம் கொடுங்கள்" என்று ஒரு மேஜை போடச் சொன்னவனும் நான். பொரி, கடலை, வெல்லம், வாழைப்பழம்.

முந்தின நாள் மேரி வந்து நின்றார்.

"பூசை பண்ணு, பொட்டு வை, மாலை போடு, நா ஒண்ணுஞ் சொல்லல. வாய்க்குள்ள மட்டும் எவனும் எதையும் போடக் கூடாது. ஆளுக்கு ஒரு பிடின்னு நீ நெனைப்ப. அதுக்கு நூறு பிடிடா."

"மேரியம்மா, நாளைக்கு உங்களுக்கு லீவு."

"லத்தி எவன் அள்ளுவான்?"

"காலைல வந்து அள்ளிட்டுப் போயிடுங்க. எட்டு மணிக்கு மேல உங்க மூஞ்சி இங்க தெரியக் கூடாது. புரிஞ்சுதா?"

அப்படியேதான் சொன்னேன். மூஞ்சி என்றுதான் சொன்னேன்.

மறுநாள் எட்டு மணிக்கு நான் வந்தேன். மேரி கூட்டிப் பெருக்கிவிட்டுப் போயிருந்தார். லாயம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. வாசலில் பலகை. பாதாமின் வரியில் ஒரே ஒரு கோடு. பக்கத்தில், கொஞ்சம் அழுத்தமாக: "நேத்து சாயங்காலத்திலேர்ந்து ஒண்ணுதான். கட்டி. தீனி மிச்சம். டாக்டரக் கூப்பிடு."

படித்தேன்.

இன்னும் ஒரு மணி நேரத்தில் முதலாளி வருவார், அறுபது பெற்றோர் வருவார்கள். வாசலில் லத்திக் கணக்கு. பாதாமைப் போய்ப் பார்த்தேன். ஒரு வெல்லக்கட்டியை நீட்டினேன். வாங்கித் தின்றான். 'நல்லாத்தானே இருக்கான், கிழவிக்கு வேற வேலை இல்லை' என்று நினைத்தேன். தீனியை மிச்சம் வைத்த குதிரைகூட வெல்லத்தை விடாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஈரத்துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தேன். மஞ்சள் பூசினேன். நடுவில் பெரிய குங்குமப் பொட்டு வைத்தேன். போட்டோவுக்கு நன்றாக இருந்தது.

பாதாம்தான் சாதுவாயிற்றே. எல்லாக் குழந்தைகளும் அவனிடம்தான் போனார்கள். பொரி, வெல்லம், பழம், வீட்டிலிருந்து கொண்டுவந்த சுண்டல், யாரோ கொடுத்த லட்டு. ஒவ்வொருவரும் ஒரு பிடிதான் கொடுத்தார்கள்.

மதியம் இரண்டு மணிக்குப் பாதாம் முன்னங்காலால் தரையைப் பறிக்க ஆரம்பித்தான். திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தான். மாலையோடு கீழே விழுந்து புரண்டான். உடம்பெல்லாம் வேர்வை. பாஷா "யா அல்லா" என்று ஓடிவந்து கயிற்றைப் பிடித்தான். டாக்டர் வந்து வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு, "சத்தமே இல்லையே" என்றார். தோள் வரைக்கும் கையுறை போட்டுப் பின்னால் கைவிட்டுப் பார்த்தார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார். ஊசி, குளுக்கோஸ், நடை, மறுபடி நடை. பொழுது சாயும்போது பாதாம் கொஞ்சமாக லத்தி போட்டான். முதலாளி அதைப் பார்த்துக் கைகூப்பினார். நானும் கூப்பினேன்.

மறுநாள் காலை விசாரணை.

"இது காலையிலேயே தெரிஞ்சிருக்கணும்" என்றார் டாக்டர். முதலாளி என்னைப் பார்த்தார். நான் மேரியைப் பார்த்தேன்.

"எழுதி வெச்சேன் சார்" என்றார் மேரி.

முதலாளி பலகையைத் திரும்பிப் பார்த்தார். மஞ்சள், குங்குமம்.

"நான் வர்றப்ப பலகை காலியா இருந்துச்சு சார்" என்றேன்.

முதலாளிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பாஷாவுக்கும் தெரியாது, கோட்டை மட்டும் எண்ணும் டாக்டருக்கும் தெரியாது. அந்தப் பலகையைப் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இரண்டு பேர். ஒருத்தர் எழுதினவர். இன்னொருத்தன் நான். மேரியை அன்றே வேலையிலிருந்து எடுத்தார்கள்.

சாயங்காலம் நாலு மணிக்கு வாட்ச்மேன் வந்தான். "சார், அந்தம்மா கேட்டாண்ட நிக்குது. பேஷண்டைப் பாக்கணுமாம். எல்லா ஆஸ்பத்திரியிலயும் நாலிலேர்ந்து ஆறு விசிட்டர் டைமாம். சட்டம் பேசுது."

கையில் ஒரு கூடையோடு நின்றிருந்தார். உள்ளே விட்டேன். பாதாமின் கழுத்தைத் தடவினார். குனிந்து, புறங்கையால் நான்கு குளம்பையும் தொட்டுப் பார்த்தார்.

"முன்னங்கால் ரெண்டும் சுடுது. பாரு, பாரத்தப் பின்னால தள்ளிக்கினு நிக்குது. வயித்துல போன இனிப்பு கால்ல எறங்குது. இப்பவே டாக்டரக் கூப்பிடு. ஐஸ் தண்ணில நிக்க வை. நாளைக்குன்னு வெச்சுக்காத, குளம்பு கழண்டுடும்."

"சரிம்மா."

"அப்பறம்… நீ மனசுல ஒண்ணும் வெச்சுக்காதடா. உம்மேல தப்பில்ல. பூசை சாமான் வெச்ச பசங்க எவனோ தொடச்சிருக்கான். நீ வர்றதுக்குள்ள."

என்னால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாதாமின் காலைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டேன்.

அந்த நேரத்துக்கு அவ்வளவு ஐஸ் எங்கே கிடைக்கும்? மீன் மார்க்கெட்டிலிருந்து பாஷா ஆட்டோவில் அள்ளிக்கொண்டு வந்தான். மூன்று நாள் பாதாம் இரண்டு பெரிய தொட்டிகளில் காலை விட்டுக்கொண்டு நின்றான். நான்காம் நாள் லாயம் முழுக்க வஞ்சிர வாசனை. தெருப் பூனைகள் எல்லாம் பாதாமின் காலடியில் வந்து உட்கார்ந்து அவனை அண்ணாந்து பார்த்தன. டாக்டர் குளம்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தப்பிச்சான். ஆரம்பத்துலயே புடிச்சுட்டீங்க. யார் பார்த்தது?" என்றார்.

"நான்தான்" என்றேன்.

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முதல் பொய் சொல்லும்போது பயமாவது இருந்தது. இதற்கு அதுகூட இல்லை.

நவம்பர் முதல் தேதி. கர்நாடக மாநிலம் பிறந்த நாள், ராஜ்யோத்ஸவம். மஞ்சள் சிவப்புக் கொடி ஏற்றி, முதலாளி மைக்கைப் பிடித்தார். குதிரையைக் காப்பாற்றிய மேனேஜருக்குச் சன்மானம் என்றார். என் தோளில் சால்வை. கையில் பழத்தட்டு. தலையில் மைசூர் பேட்டா என்கிற தலைப்பாகை. பேட்டா பெரியது, கண் வரைக்கும் இறங்கியது. தூக்கிவிட்டுப் பார்த்தேன். கூட்டத்துக்குப் பின்னால், விசிட்டர் நேரத்துக்கு வந்த மேரி, கூடையை இரண்டு காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு கைதட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டினார். பக்கத்தில் நின்ற பாஷாவிடம், "எங்க ஆளுடா" என்றார்.

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பலகையை, பொய்யை, இரண்டாவது பொய்யை.

"நாச்சிகே ஆகல்வேனோ நினகே?" என்றார். வெட்கமாக இல்லையா என்று கேட்கிறார். இருந்தது. அதனால்தான் வந்தேன். "அந்தப் பேட்டாவைக் கொண்டா. வாடகைக்கு எடுத்தது" என்றார். "போ. நீயே போய் அந்தம்மாவைக் கூட்டிட்டு வா. வரலைன்னா நீயும் வராதே."

பொம்மனஹள்ளியில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறை வீடு. மேரி வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தார்.

"இன்னாடா இது, நீ வந்துருக்க? பாதாமுக்கு இன்னா?"

"ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்கான். முதலாளி உங்களத் திரும்ப வரச் சொன்னாரு."

"எழுதி வெச்சத எவன் தொடச்சான்னு கண்டுபுடிச்சிட்டாரா?"

"நான்தான் தொடச்சேன்."

"சரி, பாக்காம தொடச்சிருப்ப. பூசை அவசரத்துல…"

"படிச்சுட்டுத்தான்மா தொடச்சேன்."

பிழிந்த துணி அவர் கையிலேயே நின்றது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அடி விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்னைய மாட்டிவுட்டியே, அது போவட்டும்" என்றார் மெதுவாக. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "எனக்கு வாய் இருக்கு. நா இந்தத் தெருவே கேக்கற மாதிரி கத்திப்பேன். அது வயிறு வலிக்குதுன்னு யார்கிட்டப் போய்ச் சொல்லும்? லத்தியாலதான் சொல்லிச்சு. நா எழுதிக் குடுத்தேன். அது சொன்னதப் படிச்சுட்டு எப்பிட்றா அழிச்ச நீ?"

 

துணியைக் கொடியில் போட்டார். இரண்டு பக்கமும் சமமாக இழுத்துவிட்டார். "நாளைக்கு வர்றேன். பாதாமுக்காக" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

சொன்னபடி மறுநாள் ஐந்தரைக்கே வந்தார். நானும் அன்று ஐந்தரைக்கே வந்து நின்றிருந்தேன். பாதாம் கனைத்தான். பாஷாவை எதிரே பிடித்து, "மோஷன் போச்சாடா?" என்றார். பாஷா சந்தோஷத்தில் "போச்சு ஆன்ட்டி, போச்சு!" என்று குதித்தான். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"குட்மார்னிங் சார். தீனி ரூம் சாவி குடுங்க சார்."

அன்றிலிருந்து நான் சார்தான். இரண்டு வருஷம் ஆகிறது. பலகையில் எழுதுகிறார், நான் படித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போடுகிறேன். பெற்றோர் எதிரில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை விடுவதில்லை. என் சாக்ஸ் நாறினாலும் சொல்வதில்லை. எனக்கு மோஷன் போச்சா என்று மட்டும் அவர் கேட்பதே இல்லை. எந்த மரியாதையை நான் விரும்பினேனோ, அதை முழுதாகக் கொடுத்துவிட்டார்.

இதை அச்சிட்ட பத்திரிகை வந்ததும் ஒரு பிரதியை மேரியம்மாவின் கையில் கொடுக்கப்போகிறேன். ஊருக்கெல்லாம் லத்திக் கதையைச் சொன்னதற்கு அவர் என்னைத் திட்டலாம். நன்றாகத் திட்டட்டும். 'டேய்' என்று ஆரம்பித்துத் திட்டினால், அன்றைக்கு நான் வயிறாரச் சாப்பிடுவேன்.